கோப்பாயும் அயற்கிராமங்களும்: மரப்பெயர்களின் பின்னணி

கோப்பாயின் வரலாறு இதுகாறும் இரு வாயில்களினூடாகவே அணுகப்பட்டு வந்துள்ளது. ஒன்று கோட்டை; 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது சங்கிலி மன்னன் பின்வாங்கிய இடம் இது. மற்றையது புலமை மரபு. வடகோவைச் சபாபதி நாவலரின் (1844–1903) பெயரால் அறியப்படுவது. இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயின், கோட்டையிலிருந்தோர்க்கு நெல் விளைவித்தவர் யார், ஏட்டுக்கு ஓலை வெட்டியவர் யார் என்னும் வினாக்கள் இவ்வழிகளில் எழுவதில்லை.

அயற்கிராமங்களின் பெயர்களை நோக்குவோம். தெற்கே இருபாலை, கட்டைப்பிராய், கல்வியங்காடு; மேற்கே உரும்பிராய்; வடக்கே நீர்வேலி. பாலையும் பிராயும் வறண்ட நிலத்துக் காட்டு மரங்கள். ஊர்ப்பெயர் ஒவ்வொன்றுக்கும் ஓர் அரசன் கதையைக் கட்டிவிடுவதில் நம்மவர்க்குள்ள ஆர்வம் பெரிது. மரத்தை நினைப்பவர் சிலரே. இன்று தோட்டமும் வளவுமாய் விளங்கும் இப்பகுதி காடு வெட்டித் திருத்தப்பட்ட நிலம் என்பதையே இப்பெயர்கள் உணர்த்துகின்றன எனலாம்.

காடு வெட்டியதோடு உழைப்பு முடிந்துவிடவில்லை. குடாநாட்டில் ஆறில்லை. கிழக்கே கடனீரேரியை அண்டிய வயல்கள் மழையை நம்பியவை. மேற்கே செம்மண் தோட்டங்களுக்குச் சுண்ணாம்புக் கல்லைப் பிளந்து கிணறு தோண்டவேண்டியிருந்தது. ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் பட்டையால் நீரிறைக்க, குழை தாழ்த்திப் பண்படுத்திய மண்ணில் புகையிலை விளைந்தது. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூர்வரை சென்றது. ஆயின் இலாபம் துலா மிதித்தவனிடம் தங்கவில்லை.

காரணத்தை 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை காட்டுகின்றது. பிறர் நிலத்தில் மரம் நட்டவனுக்கும் நிலவுடைமையாளனுக்கும் பயனில் உரிய பங்கினை அது வகுத்துரைக்கின்றது. உடல் உழைப்பிற்கும் ஓரளவு உரிமை உண்டு என்னும் எண்ணம் அதில் தெரிகின்றது. ஆயினும் அதே தொகுப்பு கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் ஆகியோரை அடிமைகளாகவும் குறிப்பிடுகின்றது. பங்கு கேட்கக்கூடியவன் யார் என்பது இவ்வாறு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிட்டது.

1844இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் ஆளை விடுவித்தது, காணியைப் பகிரவில்லை. கள்ளிறக்குவோன் ஏறிய பனை பெரும்பாலும் பிறன் வளவிலேயே நின்றது. 1970களில் கள்ளிறக்குவோர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியபோது விற்பனை அவர்களது அமைப்பின் கைக்கு வந்தது. காணியுறவு அதனால் மாறிற்றில்லை.