கடல் கடந்து வந்த மூத்தவர்: கப்பித்தான் காதர் முகைதீன் மரைக்காயர்

புக்கிட் செலம்பாவிலும் சுற்றுவட்டாரத்திலும் கடை வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஒரு மூத்தவரைப் பற்றிய பேச்சு ஓயாது. வீட்டு நகையை அடகு வைத்துக் கப்பலேறியவர், பினாங்கில் இறங்கியவர், தோட்டம் தோட்டமாகச் சைக்கிளில் துணி விற்றவர், 555 புத்தகத்தில் கடன் எழுதி ஒரு கடையை நிலைநிறுத்தியவர். அத்தகைய மூத்தவர்களுக்கெல்லாம் மூத்தவராக, ஏட்டில் பெயர் பதிந்த ஒருவர் நமக்கு உண்டு. அவரே கப்பித்தான் காதர் முகைதீன் மரைக்காயர் அவர்கள். சங்கத்தின் 50ஆம் ஆண்டு மலரில் அவர்களை நினைவுகூர்வது பொருத்தம் எனக் கருதுகிறோம்.

பினாங்கு நகரம் எழும் முன்பே நம்மவர்கள் கெடாவில் இருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்து விற்று, ஈயமும் பாக்கும் யானையும் ஏற்றிச் சென்றனர். சூலியர் என்று அழைக்கப்பட்ட இவர்களில் சிலர் கெடா சுல்தான்களிடம் 'சவுதாகர் ராஜா' என்ற அரச வணிகர் பதவியும் வகித்தனர்.

1786 ஆகஸ்ட் 11 அன்று, கெடா சுல்தானுக்கு உரியதாயிருந்த பினாங்குத் தீவில் பிரான்சிஸ் லைட் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். கெடாவிலிருந்து வணிகர்கள் தீவுக்குப் பெயர்ந்தனர். நம் கோல மூடாவில் சீனர்களின் தலைவராக இருந்த கோ லே ஹுவானும் அப்படிப் போனவரே. அங்கே அவர் சீனக் கப்பித்தான் ஆனார். 1794இல் லைட் எழுதிய அறிக்கையின்படி, தீவில் தங்கிவிட்ட சூலியர் ஏறத்தாழ 1,000 பேர். கரையிலிருந்து ஆண்டுதோறும் கப்பலில் வந்து, உழைத்துச் சம்பாதித்துத் திரும்பியவர்களோ 1,300 முதல் 2,000 பேர் வரை.

வந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போன அந்தக் காலத்தில், தங்கி வேரூன்றியவர் காதர் முகைதீன் அவர்கள். பாய்மரக் கப்பலில் வங்கக் கடலைக் கடப்பது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். வந்த இடமோ காடு வெட்டிக்கொண்டிருந்த புதுக்குடியிருப்பு. அங்கே வணிகத்தில் உயர்ந்து, தம் மக்களின் கப்பித்தானாக நியமனம் பெற்றார்கள். சிறு வழக்குகளைத் தீர்ப்பதும், சமூகத்துக்காகக் கம்பெனியிடம் பேசுவதும் கப்பித்தானின் பொறுப்பு. 'கெலிங்' என்ற சொல் இன்று நம் காதில் குத்துகிறது. அன்று அது கரையிலிருந்து வந்தவர்களைக் குறித்த பெயர்; அந்தப் பெயரே பள்ளிவாசலுக்கும் நிலைத்துவிட்டது.

1801இல் பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலத்தைக் கம்பெனி வழங்கியது. அங்கே எழுந்ததுதான் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். கெடா அரச குடும்பத்துப் பெண்ணொருவரையும் அவர்கள் மணந்தார்கள் என்பது வழிவந்தோர் சொல்லிவரும் செய்தி. மரைக்காயர் என்ற பட்டம் மலாய் நாவில் 'மெரிக்கன்' ஆகி, இன்றும் கெடாவிலும் பினாங்கிலும் குடும்பப் பெயராக வழங்குகிறது.

1834இல் அவர்கள் மறைந்தார்கள். கம்போங் கோலத்தில், பள்ளிவாசலுக்கு அருகிலேயே அவர்களின் அடக்கத்தலம் இருக்கிறது. 'கோலம்' என்ற அந்த மலாய்ச் சொல்லும் நம் குளம்தான். தேடிய செல்வத்தில் ஒரு பகுதியை அவர்கள் வக்ஃபாக விட்டுச் சென்றார்கள். வக்ஃப் என்றால் விற்க முடியாது, பிள்ளைகள் பங்கு போட முடியாது. அதன் வருமானம் மட்டும் நற்காரியத்துக்குப் போகும். வணிகம் செய்பவர்களுக்கு இதன் பொருள் நன்றாகப் புரியும். கைமுதல் என்றைக்கும் அப்படியே இருக்க, லாபம் மட்டும் ஊருக்குப் போகிறது.

ஆனால் வக்ஃப் தானாக நிற்பதில்லை. காலப்போக்கில் பள்ளிவாசலைச் சுற்றி வீடுகளும் கடைகளும் நெருக்கமாக எழுந்தன. அறக்கட்டளைகள் சரியாகப் பராமரிக்கப்படாத நிலையில், 1905இல் முகம்மதிய, இந்து அறக்கட்டளைகளுக்கெனத் தனிச் சட்டமே வந்தது. அதன் பிறகு வாரியம் பொறுப்பேற்று நடத்தியது. பள்ளிவாசலும் விரிவாக்கம் கண்டது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டத்துக் குடும்பங்கள் பட்டணம் போயின. அவர்களை நம்பியிருந்த நம் கடைகளும் குறைந்துவிட்டன. நம் மூத்தவர்களில் பலருக்குச் சுவரில் ஒரு படம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாருடைய துணையோடு வந்தார்கள் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். பழைய பாஸ்போர்ட்டையும் கணக்குப் புத்தகத்தையும் குப்பையில் போடாமல் சங்கத்தில் ஒப்படைப்போம். அவர்கள் பெயரால் ஒரு பிள்ளையின் படிப்புக்காவது நிலையான முதல் ஒன்றை ஒதுக்கி, ஆண்டுதோறும் கணக்கைப் பொதுவில் வைப்போம்.

கடல் கடந்து வந்த நம் முன்னோர் அனைவரின் மண்ணறைகளையும் அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.