தனிப்பட்ட காரணங்கள்

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பரீட்சைக்குத் தோற்றாது விட்டாலும், ஓராண்டுப் படிப்பை ஒத்திவைக்க நேர்ந்தாலும், பதிவாளருக்குக் கடிதம் எழுதிக் காரணம் கூற வேண்டும். நோயாயின் வைத்தியச் சான்றிதழை இணைத்துவிடலாம். தந்தையின் தொழில் போனதற்கும், தாயின் நகை அடகில் மூழ்கியதற்கும், குடியிருந்த வீடே இல்லாதுபோனதற்கும் சான்றிதழ் எழுதித் தருபவர் யார்? ஆகவே நம் பிள்ளைகள் ‘தனிப்பட்ட காரணங்களால்’ என்று எழுதிக் கையொப்பமிடுகிறார்கள். அக்கடிதமும் கோவையிலே கட்டப்பட்டுவிடுகிறது. இந்த இரண்டு சொற்களுக்குள் புதையுண்டு கிடப்பது என்ன என்று நாம் கேட்டாக வேண்டும். அதற்கு ஆலங்குடாவின் வரலாறு நமக்குத் துணைசெய்யும்.

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே அமைந்த சிற்றூர் அது. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையே மணற்றரை. மீன்பிடியும் தென்னையும் வெங்காயம், மிளகாய் முதலிய தோட்டப் பயிர்களும் அப்பகுதி மக்களின் வாழ்வுக்கு ஆதாரம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் நாள் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். ஏறத்தாழ 75,000 மக்கள் தம் பூர்வீக மண்ணை ஒரு சில நாட்களிலே இழந்தனர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஆலங்குடாவிலும் அயலூர்களிலும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. உள்ளூர் மக்கள் அன்று உலையேற்றிச் சோறிட்ட பெருந்தன்மையை வரலாறு மறத்தலாகாது.

வந்தவர்கள் இழந்தவற்றைப் பட்டியலிட்டவர்கள் வீட்டையும் வயலையும் தோணியையும் மாட்டையும் எண்ணினார்கள். அப்பட்டியலிலே எளிதில் இடம்பெறாத ஓர் இழப்பும் உண்டு. அதுவே கல்வி ஆண்டுகள். பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும் இல்லாமல் ஒரு மாணவன் எந்த வாயிலில் நின்று என்ன கேட்பான்? அவை பெட்டிக்குள்ளே கிடக்க, பெட்டியோ வீட்டில் கிடந்தது. வீடு நெடுந்தொலைவில், போக முடியாத மண்ணில் இருந்தது. அக்காலத்தில் நாட்டின் உயர்கல்வியே நிலைகுலைந்திருந்தது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். 1987 முதல் 1989 வரை தென்னிலங்கையிலே மூண்ட கிளர்ச்சியாலும் அதனை ஒடுக்கிய கொடுமையாலும் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் மூடிக் கிடந்தன. உயர்தரப் பரீட்சையில் தேறியவர்கள் ஆண்டுக்கணக்கில் அனுமதிக்குக் காத்திருந்தனர். அவ்வாறு காத்திருந்த வடபுலத்து முஸ்லிம் இளைஞன், காத்திருக்கும்போதே அகதியுமானான்.

அகதி முகாமிலே படிப்பு என்பது என்ன? உலர் உணவுப் பங்கீடு வயிற்றுக்குப் போதாது. எனவே பள்ளிக்குச் செல்ல வேண்டிய கைகள் வெங்காயத் தோட்டத்திற் கூலிக்குப் போயின. குடும்பத்தின் மூத்த பிள்ளை படித்தால் இளையவர்கள் பட்டினி கிடக்க வேண்டும். இளையவர்கள் படிக்க வேண்டுமாயின் மூத்தது படிப்பை விட வேண்டும். நாலு பேர் நெருங்கிப் படுக்கும் கொட்டிலில் விளக்கேற்றி வைத்துப் படிக்க இடமேது? பாதுகாப்பு இல்லை என்ற அச்சத்தால் பெண்பிள்ளைகளுக்குக் காலத்துக்கு முன்பே மணமுடிக்கப்பட்டது. இவற்றுள் எதனைத் ‘தனிப்பட்டது’ என்று நாம் சொல்வது?

முகாமின் கொட்டிலைத் தாண்டிப் பரீட்சையில் வென்றவனுக்கும் இன்னொரு தடை காத்திருந்தது. இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியில், பெரும்பாலான துறைகளிலே 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமையின்படியும், 55 வீதமான இடங்கள் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்பவும், எஞ்சிய 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படும் முறை பல ஆண்டுகளாக நிலவிவருகிறது. புத்தளமும் அப்பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று, மன்னாரும் ஒன்று. அப்படியாயின் ஆலங்குடாவில் வாழும் மன்னார் மாணவன் எந்த மாவட்டத்தவன்? புத்தளத்து இடம் ஒன்று அவனுக்குப் போனால் உள்ளூர் ஏழை மாணவனுக்கு மனக்குறை. போகாவிட்டால் அவனுக்கு ஊரும் இல்லை, இடமும் இல்லை. சோறிட்டவனும் சோறுண்டவனும் ஒரு சில இருக்கைகளுக்காக ஒருவரை ஒருவர் ஐயுற்று நோக்கும் நிலை உண்டாயிற்று. இருக்கைகள் ஏன் இத்தனை குறைவு என்ற கேள்வி மட்டும் கேட்பாரற்றுப் போயிற்று.

இக்கொடுமை ஒரு சமூகத்தோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டு ஐந்தாண்டுகள் கழிந்து, அதே ஒக்டோபர் 30ஆம் நாள், 1995இல், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் மழையிலும் இருளிலும் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களும் அந்தப் பெருங்கூட்டத்திலே நடந்தார்கள். 2009இல் வவுனியா முகாம்களின் முட்கம்பிகளுக்குள்ளே இருந்தபடி தமிழ் மாணவர்கள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். 1990இல் மௌனம் காத்த நம் எழுத்துலகின் பெரும்பகுதி, தன் வீட்டுப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தபோதாவது ஆலங்குடாவை நினைத்திருக்க வேண்டும். வெளியேற்றம் தவறு என்று 2002இல் புலிகளின் தலைமையே ஒப்புக்கொண்டது. ஆனால் இழந்த கல்வி ஆண்டுகளை எந்த ஒப்புதலும் மீட்டுத் தரவில்லை.

இன்னல்களைக் கூட்டாக எண்ணிப் பார்த்தால் வழி பிறக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. போர்ச் சூழலில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலே கல்வியைத் தொடர இயலாதுபோன முஸ்லிம் மாணவர்களின் நிலை ஒரு பொதுக் கோரிக்கையாக உருவெடுத்தது. 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றிற்று. மறு ஆண்டே அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது. வெளியுலகிலும் ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். 1944இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்று, போரிலிருந்து மீளும் படைவீரர்களின் கல்விச் செலவை அரசின் பொறுப்பாக்கியது. ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அதனாற் கல்லூரி புகுந்தனர். கறுப்பின வீரர்கள் பலருக்கு அதன் பயன் மறுக்கப்பட்டது என்பது அதன் களங்கம். ஆயினும், போர் தின்ற ஆண்டுகள் தனிமனிதனின் குற்றமல்ல, நாடு தீர்க்க வேண்டிய கடன் என்பதை அது ஏற்றுக்கொண்டது. துப்பாக்கி ஏந்தியவனுக்குத் தீர்க்கப்பட்ட கடன், துப்பாக்கிக்கு அஞ்சி ஓடியவனுக்குத் தீர்க்கப்படலாகாதா?

1990இல் புத்தகத்தை விட்டுப் படகேறியவர்கள் இன்று ஐம்பது வயதைக் கடந்துவிட்டனர். சிலர் மன்னாருக்கு மீண்டனர். பலர் புத்தளத்து மண்ணிலேயே நிலைத்துவிட்டனர். அவர்களின் பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழக வாயிலில் நிற்கிறார்கள். தந்தை படிக்க முடியாமையால் விளைந்த வறுமை, மகளின் விடுதிக் கட்டணத்திலே வந்து நிற்கிறது. அவள் பரீட்சையைத் தவறவிட்டால் அக்காரணம் மூதவையின் முன் நியாயமாகக் கேட்கப்பட வேண்டும். அவளுடைய வறுமை, காய்ச்சலுக்குக் குறைந்த காரணமாகக் கருதப்படலாகாது. தாமதத்தால் அவளது வகுப்புச் சித்தி பறிபோகவும் கூடாது.

மாணவர்க்கும் நாம் ஒன்று சொல்வோம். கடிதத்தைச் சுருக்க வேண்டாம். வெங்காயத் தோட்டத்தையும் கொட்டிலையும் கடனையும் எழுதுங்கள். 1990 ஒக்டோபரையும் எழுதுங்கள். அவ்வாறு எழுதிய கடிதங்கள் ஒன்றல்ல, நூறாகச் சேரும்போது, அவற்றைத் தனிப்பட்ட காரணங்கள் என்று கோவையிலே கட்டிவைக்க எந்த அலுவலகத்தாலும் இயலாது.