தோட்டாவுக்குள் ஒரு காலியிடம்!

விருத்தாசலம் என்றதும் பீங்கான்தான் நினைவுக்கு வரும். பீங்கான் தொழிலில் இருப்பவர்களுக்குச் சீகர் கூம்பைத் தெரிந்திருக்கும். 1886-ல் ஜெர்மனியில் ஹெர்மன் சீகர் உருவாக்கியது. சூளைக்குள் வைத்த கூம்பு எவ்வளவு வளைந்தது என்று பார்த்தால், உள்ளே சூடு எவ்வளவு ஏறியது என்று தெரிந்துவிடும்.

துப்பாக்கியின் வரலாற்றிலும் இதே தந்திரம் உண்டு! குழலுக்குள் உண்டாகும் அழுத்தத்தை எப்படி அளப்பது? 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ நோபிள் ஒரு சின்னச் செம்பு உருளையை அழுத்தத்துக்கு நடுவே வைத்தார். செம்பு எவ்வளவு நசுங்கியதோ, அழுத்தம் அவ்வளவு.

சரி, அழுத்தத்துக்கும் தோட்டாவின் நீளத்துக்கும் என்ன சம்பந்தம்?

பழைய கரிமருந்துக் காலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. கூடு நிறைய மருந்து, அதன் மேல் ஈயக் குண்டு, அவ்வளவுதான். 1884-ல் பிரான்சின் பால் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். 1889-ல் இங்கிலாந்தில் ஏபெல், டிவார் இருவரும் கார்டைட்டைக் கொண்டுவந்தார்கள். நைட்ரோகிளிசரின், வெடிபஞ்சு, கொஞ்சம் வாசலின்... இவை சேர்ந்த கலவை அது. நூல் போல இழுத்துச் செய்ததால் அந்தப் பெயர். நீலகிரியில் குன்னூர் அருகே அருவங்காட்டில் வெள்ளையர் காலத்தில் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலைக்கும் பெயர் இதிலிருந்துதான் வந்தது. 2021-ல் இருந்து அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இருக்கிறது.

புதிய மருந்துக்கு வலு அதிகம், கொஞ்சம் போட்டாலே போதும். அதனால் கூட்டுக்குள் நிறைய இடம் காலியானது. பிரிட்டிஷ் அதிகாரிகள் வைத்திருந்த .455 வெப்ளி ரிவால்வரின் தோட்டாவுக்கும் இதே கதைதான். பெரிய கூட்டில் கார்டைட் சரியாக எரியவில்லை. எனவே 1897-ல் கூட்டின் நீளத்தைச் சில மில்லிமீட்டர் குறைத்தார்கள். இடம் குறைந்ததும் எரிதல் சீரானது.

இங்கேதான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. புகையில்லா மருந்து, அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் மேலும் ஏறும். கூட்டு வட்டி மாதிரி! குண்டைக் கூட்டுக்குள் கொஞ்சம் ஆழமாக அழுத்திவிட்டால், தோட்டாவின் மொத்த நீளம் குறையும், உள்ளே இருக்கும் இடமும் குறையும். அசல் அதேதான், வட்டி மட்டும் எகிறிவிடும்.

1902-ல் ஜெர்மனியில் கியோர்க் லூகர் உருவாக்கிய 9 மி.மீ. தோட்டாவில் இது இன்னும் கறார். அதன் கூடு 19 மி.மீ. நீளம்தான், முழுத் தோட்டா அதிகபட்சம் 29.69 மி.மீ. ஐரோப்பிய விதிப்படி அதில் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 2,350 பார். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு! இவ்வளவு சின்னக் கூட்டில் ஒரு மில்லிமீட்டர் குறைவதே பெரிய விஷயம். தானியங்கிக் கைத்துப்பாக்கியில் தோட்டா அறைக்குள் மோதி ஏறும்போது, தளர்வாகப் பொருத்திய குண்டு தானாகவே உள்ளே தள்ளப்படுவதும் உண்டு. அந்தத் தோட்டா வெடித்தால் கூடு கிழியலாம், துப்பாக்கி உடையலாம், பிடித்திருப்பவரின் விரல்கள் போகலாம்.

அப்படியானால் நீளமாக விட்டுவிட்டால் பாதுகாப்பா? அதுவும் இல்லை. குண்டின் முனை குழலின் உட்புற வரிகளில் முட்டிக்கொண்டு நின்றால், நகரத் தொடங்கும்போதே தடை. அப்போதும் அழுத்தம் ஏறும்.

அமெரிக்காவில் பலர் வீட்டிலேயே தோட்டா அடைப்பது பொழுதுபோக்கு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும் ஒரு வேறுபாடு உண்டு. தொழிற்சாலையில் அளவுகோலும் அழுத்தமானியும் இருக்கும், தவறு நடந்தால் அந்தத் தொகுதியையே ஒதுக்கிவிடலாம். வீட்டு மேசையில் அந்தத் தவறைச் சொல்வதற்குச் செம்பு உருளை கிடையாது. நசுங்குவது கையாகத்தான் இருக்கும்.