வெள்ளிக்கிழமைப் புகையும் ஒரு கடன் பத்திரமும்



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூன்றாவது மாடி காரிடாரில் புகை அலாரம் அடித்து, செக்யூரிட்டி வாளித் தண்ணீரோடு ஓடி வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நெருப்பு எங்கள் வீட்டுத் தூபக்காலில்தான் இருந்தது. அன்று இரவே வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. சாம்பிராணி போடக்கூட உரிமை இல்லையா என்றார்கள் சிலர். எங்கள் குழந்தைக்கு மூச்சிழுப்பு இருக்கிறது, அதை யார் பார்ப்பது என்றார்கள் சிலர். விஷயம் அடுத்த பொதுக்குழுவுக்கு வருகிறது. குற்றவாளியே வாதாடுவது முறையல்ல என்பதால் நான் அந்தப் பேச்சுக்குள் போகவில்லை. ஆனால் இதை முன்னிட்டு இரண்டு வாரம் உட்கார்ந்து படித்ததில் சில சங்கதிகள் கிடைத்தன. அவற்றை உங்களிடம் சொல்லலாம் அல்லவா?

நெதர்லாந்தில் லெய்டன் என்ற ஊர் அருங்காட்சியகத்தில் ஒரு மந்திரப் புத்தகம் இருக்கிறது. எகிப்தில் பாப்பிரஸ் தாளில் கிரேக்க மொழியில் எழுதியது. காலம் கி.பி. நான்காம் நூற்றாண்டு. அலெக்சாண்டிரியாவில் தூதராக இருந்த அனஸ்தாசி என்பவர் சேர்த்து வைத்திருந்ததை 1828இல் லெய்டன்காரர்கள் விலைக்கு வாங்கினார்கள். தெய்வத்தை நேரில் வரவழைக்கும் சடங்கு அதில் இருக்கிறது. அதற்கு முன் எத்தனை நாள் சுத்தமாக இருக்க வேண்டும் தெரியுமா? 41 நாள். சபரிமலைக்கு மாலை போட்ட நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. இரண்டுக்கும் தொடர்பு என்று நான் சொல்ல வரவில்லை. படித்தபோது சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சடங்கில் ஏழு கிரகங்களுக்கும் தனித்தனித் தூபம் உண்டு. சூரியனுக்குக் குந்திரிக்கம். சந்திரனுக்கு வெள்ளைப்போளம். இந்த இரண்டும் கிறிஸ்துமஸ் கதையில் குழந்தைக்குக் காணிக்கையாக வருபவை. அரேபியாவிலும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் வளரும் முள்ளும் சொரசொரப்புமான மரங்களைக் கீறினால் வடியும் பால் அது, காய்ந்ததும் பிசினாகிவிடும். சனிக்கு ஸ்டைராக்ஸ் என்ற பிசின். நம் கடைகளில் கிடைக்கும் சாம்பிராணி பெரும்பாலும் சுமத்ரா பக்கத்து மரத்துடையது. அந்த மரத்துக்கும் தாவரவியலில் ஸ்டைராக்ஸ் என்றுதான் பெயர். புதனுக்கு ஒரு வகைப் பட்டை.

மீதி மூன்றைப் பாருங்கள். வியாழனுக்கு மலபத்ரான். சமஸ்கிருதத்தில் தமாலபத்ரம் என்பதைத்தான் கிரேக்கர்கள் அப்படி ஆக்கிக்கொண்டார்கள். பிரியாணியில் போடுகிறோமே, அந்த இலை வகையைச் சேர்ந்தது. செவ்வாய்க்குக் கோஷ்டம். சுக்கிரனுக்கு, அதாவது வெள்ளிக்கிழமைக்கு உரியவருக்கு, சடாமாஞ்சில். மூன்றுமே இந்தியச் சரக்கு. எகிப்தில் ஒரு மந்திரவாதி கரித்தணலில் எதைப் போட வேண்டும் என்ற பட்டியலில் ஏழுக்கு மூன்று நம் நாட்டுப் பொருள்!

அவை அங்கே போன விதம்தான் என் பேங்க் மூளைக்குப் பிடித்த பகுதி. வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இன்னொரு பாப்பிரஸ் இருக்கிறது. 1980இல் வாங்கி 1985இல் பதிப்பித்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, மந்திரப் புத்தகத்துக்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் முந்தியது. அது ஒரு கடன் பத்திரம். முசிறி வியாபாரத்துக்குக் கொடுத்த கடன். (திருச்சி பக்கத்து முசிறி இல்லை, சேரநாட்டுத் துறைமுகம், இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம்.) சரக்கு செங்கடலில் இறங்கி, ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் நதி வழியாக அலெக்சாண்டிரியா சுங்கக் கிடங்குக்குப் போக வேண்டும், கடன் கொடுத்தவரின் முத்திரை அதன் மேல் இருக்க வேண்டும். தவணை தவறினால் அவர் சரக்கை எடுத்துக்கொள்ளலாம், விற்கலாம். விற்றுத் தொகை குறைந்தால் கடனாளி தலையில், மிஞ்சினால் கடனாளிக்கே. 36 வருஷம் நான் ஸ்டாம்ப் குத்திய அடமானப் பத்திரங்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தாளின் பின்பக்கத்தில் ஹெர்மபோலன் என்ற கப்பலின் சரக்குக் கணக்கு இருக்கிறது. அதில் கங்கைச் சடாமாஞ்சில் 60 பெட்டி. பெட்டி 4,500 திராக்மா. பெருக்கிப் பாருங்கள், 2,70,000 திராக்மா, அவர்கள் கணக்கில் 45 தாலந்து. இதன் மேல் ரோம அரசுக்கு நூற்றுக்கு 25 சுங்கம். அந்த அறுபது பெட்டியில் பெரும்பங்கு தைலமாகவும் மருந்தாகவும் போயிருக்கும். ஆனால் சுக்கிரனுக்குப் புகை போட்டவனும் இந்த விலையைத்தான் கொடுத்தாக வேண்டும்.

குந்திரிக்கத்தின் மதிப்புக்கு முதல் நூற்றாண்டு ரோமானியர் பிளினி ஒரு காட்சி சொல்கிறார். அலெக்சாண்டிரியாவில் அதைச் சுத்தம் செய்யும் பட்டறைகளில் வேலையாட்களின் இடுப்புத் துணிக்கு முத்திரை வைப்பார்களாம், முகத்தில் வலை கட்டுவார்களாம், வெளியே போகும்போது துணியை முழுக்க அவிழ்த்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். கேஷ் கவுண்டரில் உட்காரும் முன் சொந்தப் பணம் எவ்வளவு என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டதற்கே நாங்கள் முணுமுணுத்தோம்.

இனி, நம் பொதுக்குழுவுக்குச் சம்பந்தப்பட்ட பகுதி. கி.பி. 250இல் ரோமப் பேரரசர் டேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டார். எகிப்தில் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. கிறிஸ்தவர்கள் சிலர் பலி கொடுக்க மனமின்றி, தணலில் ஒரு சிட்டிகை தூபத்தை மட்டும் போட்டுத் தப்பித்தார்கள். சொந்தச் சபையார் அவர்களுக்குத் 'தூபம் போட்டவர்கள்' என்றே பெயர் வைத்து ஒதுக்கினார்கள். மறுத்தவர்களில் சிலருக்கு உயிரே போனது.

142 வருஷம் கழித்து சக்கரம் முழுக்கச் சுற்றிவிட்டது. 392 நவம்பர் 8ஆம் தேதி பேரரசர் தியோடோசியஸ் போட்ட சட்டம், வீட்டுத் தெய்வத்துக்கு விளக்கு ஏற்றுவதையும் தூபம் போடுவதையும் மாலை தொங்கவிடுவதையும் தடை செய்தது. தூபப் புகை எழுந்த இடம் போட்டவரின் சொந்த இடமானால் அரசுக் கருவூலத்துக்குப் பறிமுதல். அடுத்தவர் இடத்தில் போட்டால் 25 பவுண்டு தங்கம் அபராதம். லெய்டன் மந்திரப் புத்தகம் எழுதி ஐம்பது வருஷம்கூட ஆகியிருக்காது. சொந்த வீட்டில் புகை போட்டதற்காக வீடே போகும் என்பதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. எங்கள் ஃப்ளாட்டுக்கு நான் பதினைந்து வருஷம் இஎம்ஐ கட்டியவன்.

டேசியஸும் சரி, தியோடோசியஸும் சரி, யாருக்கு மூச்சு முட்டுகிறது என்று கேட்டதாகச் சட்டத்தில் இல்லை. நம் குரூப்பில் அதை ஒரு தாய் கேட்டிருக்கிறார். எனவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் தூபக்கால் பால்கனிக்குப் போய்விட்டது. ஒரு சிட்டிகைதான், கதவைச் சாத்திவிட்டு. வீட்டம்மாவுக்கு இதில் பாதி சம்மதம். அறைக்குள் வராத புகை எதற்கு என்று கேட்கிறார். காற்று மேலே தூக்கும் நாளில் அது நான்காவது மாடிக்குப் போகிறதா என்று தெரிய வேண்டும். மேல் வீட்டுக்காரர்கள் வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு ஜன்னல் பக்கம் நின்று பார்த்து எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் நல்லது.