மெட்டும் பாட்டும்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஆங்கிலத் திருச்சபை இசைமரபும்

முன்னுரை

தமிழகச் சீர்திருத்தத் திருச்சபைகளில் இருவகைப் பாடல்கள் வழங்குகின்றன. மேலைநாட்டு மெட்டில் பாடப்பெறுவன பாமாலைகள். இராகமும் தாளமும் குறிக்கப்பெற்றுத் தமிழகத்து இசைமரபில் அமைந்தவை கீர்த்தனைகள். தருமபுரி முதல் தூத்துக்குடி வரை இவ்விரண்டும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்துப் பாடப்படுவதைக் காணலாம். இவ்விணக்கம் எளிதில் வாய்த்ததன்று. ஆங்கிலத் திருச்சபை ஆர்கன் இசைஞரின் பணியோடு தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பணியை ஒப்பிட்டு, அதன் பின்னணியை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆங்கில மரபில் மெட்டு

ஆங்கிலத் திருச்சபையில் பாடல் இயற்றுபவர் ஒருவர். மெட்டமைப்பவர் பெரும்பாலும் மற்றொருவர். இலண்டன் தூய மத்தியா ஆலயத்தில் 1852 முதல் ஆர்கன் இசைத்த வில்லியம் ஹென்றி மங்க் (1823–1889) இதற்குச் சான்றாவார். 1861இல் வெளிவந்த ‘ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்’ என்னும் தொகுப்பின் இசைப் பதிப்பாசிரியர் அவரே. 1847இல் மறைந்த ஹென்றி பிரான்சிஸ் லைட்டின் ‘அபைட் வித் மீ’ பாடலுக்கு மங்க் அமைத்த ‘ஈவன்டைட்’ மெட்டு அத்தொகுப்பில் இடம்பெற்றது. மெட்டுக்குத் தனிப்பெயர் உண்டு. அடிக்குப் பத்து அசை என்னும் அளவும் உண்டு. அவ்வளவிற்குப் பொருந்தும் எப்பாடலையும் அம்மெட்டில் பாடலாம்.

இம்மரபுக்குத் தமிழ் மண்ணோடும் தொடர்புண்டு. 1826 ஏப்ரல் 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் மறைந்த கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் இயற்றிய ‘ஹோலி, ஹோலி, ஹோலி’ பாடலுக்கு, ஜான் பாக்கஸ் டைக்ஸ் அமைத்த ‘நைசியா’ மெட்டும் அதே 1861ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே வெளிவந்தது. பாடியவரும் மெட்டமைத்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஹீபர் மறைந்தபோது டைக்ஸ் மூன்று வயதுக் குழந்தை.

இம்மெட்டுகளில் தமிழைப் பொருத்துங்கால் இடர் தோன்றுகிறது. ஆங்கில யாப்பு அசையழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழிலோ குறில் நெடில் வேறுபாடு பொருளையே மாற்றவல்லது. நீண்ட சுரத்தில் குறில் அமையின் ‘படம்’ என்பது ‘பாடம்’ என ஒலிக்கக்கூடும்.

சாஸ்திரியாரின் வழி

திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம், பன்னிரண்டாம் வயதளவில் மிஷனரி சுவார்ட்ஸால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டார். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜி அவருடைய இளமைக்காலத் தோழர். அரசவை இசையும் மக்கள் வழக்கிலிருந்த சிற்றிலக்கியங்களும் அவருடைய படைப்புகளுக்கு அடித்தளமாயின. 1800ஆம் ஆண்டளவில் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’, குறவஞ்சி வடிவத்தில் கிறித்தவ உள்ளடக்கத்தை அமைத்தது. ஏற்றப்பாட்டு, நொண்டி நாடகம் ஆகிய வடிவங்களையும் அவர் கையாண்டார். இங்குச் சொல்லும் இசையும் ஒருங்கே உருவாயின.

எனினும் அவர் மேலை மெட்டுகளின் பகைவர் அல்லர். பபிரிசியஸ் மொழிபெயர்த்த ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த சபையைச் சேர்ந்தவர் அவர். பபிரிசியஸின் திருமறை மொழிபெயர்ப்பைப் போற்றியவர்.

முறையீடும் அதன் இருமுகமும்

1820களின் பிற்பகுதியில் தஞ்சைக்கு வந்த புதிய தலைமுறை மிஷனரிகளோடு அவர் முரண்பட்டார். பழைய திருமறை மொழிபெயர்ப்பை மாற்றுதல், திருவிழாவில் மலரலங்காரத்தை விலக்குதல், வழிபாட்டில் தமிழ்ப் பாடல்களைத் தடுத்தல் ஆகியவற்றை எதிர்த்து எழுதினார். இராப்போசனத்தில் சாதி வேறுபாட்டை நீக்கும் முயற்சியையும் அதே முறையீட்டில் எதிர்த்தார்.

இதுவே ஆய்வாளர் கருத்தில் கொள்ளவேண்டிய இடமாகும். தமிழிசை உரிமைக் குரலை மட்டும் பிரித்தெடுத்துப் போற்றுவது வரலாறாகாது. சாதிச் சார்பை மட்டும் கண்டு இசைப்பணியை ஒதுக்குவதும் பொருந்தாது. ‘நம் வழக்கம்’ என்று அவர் காத்தவற்றுள் பண்பாட்டுச் செல்வமும் இருந்தது. சமத்துவ மறுப்பும் இருந்தது. மிஷனரிகளும் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணாது ஒருசேர விலக்க முற்பட்டனர்.

பின்விளைவு

மிஷனரிகள் சிலரே பின்னர்க் கீர்த்தனைகளின் பக்கம் திரும்பினர். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், சாஸ்திரியாரின் பாடல்களை உள்ளடக்கிய கீர்த்தனைத் தொகுப்பை 1853இல் வெளியிட்டார். ஈரோட்டில் பணியாற்றிய ஆங்கிலேயரான எச். ஏ. பாப்லி இந்திய இசையைப் பயின்று, 1921இல் ‘தி மியூசிக் ஆஃப் இந்தியா’ என்னும் நூலை எழுதினார்.

முடிவுரை

மங்க் அமைத்த மெட்டு சொல்லைப் பிரிந்தும் வாழவல்லது. சாஸ்திரியாரின் கீர்த்தனை சொல்லோடு இயைந்து வாழ்வது. ஆகவே தமிழ்த் திருச்சபையில் எழுந்த இசைச்சிக்கலை மேலைநாடு, கீழைநாடு என்னும் எதிர்வாக மட்டும் விளக்கவியலாது. சொல்லுக்கும் இசைக்கும் உள்ள உறவு யாது, வழிபாட்டு மரபை வரையறுக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் இரு வினாக்களும் அதனுள் பொதிந்துள்ளன. கீர்த்தனைகள் ஆலயத்தில் நிலைபெற்றதால் முதல் வினாவுக்கு விடை கிடைத்தது. இரண்டாவது வினா, சாதி தொடர்பான அளவிலேனும், இன்றும் ஆய்வுக்குரியதாகவே உள்ளது.