கேவி 55 கல்லறை

எகிப்தில் லக்சர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், மன்னர்கள் பள்ளத்தாக்கில் 1907 ஜனவரியில் எட்வர்ட் அயர்டன் கண்டெடுத்த கல்லறை. அகழாய்வுக்குப் பணம் கொடுத்தவர் அமெரிக்கச் செல்வந்தர் தியடோர் டேவிஸ். உள்ளே கிடந்த சவப்பெட்டியின் பொன் முகத்தைப் பெயர்த்தெடுத்திருந்தார்கள். பெயர் பொறித்த வளையங்களையும் வெட்டி நீக்கியிருந்தார்கள். வெறும் திருடன் வேலையாகத் தோன்றவில்லை. பொன் தகடுகள் பல அங்கேயே கிடந்தன. பெயர் அழிந்தால் மறுமை இல்லை என்பது எகிப்தியர் நம்பிக்கை.

அரசி தியேவின் பெயர் தாங்கிய மரக்கூடம் அங்கே இருந்ததால், பிணமும் அவருடையதே என்று டேவிஸ் 1910-இல் நூலே வெளியிட்டார். எலும்புகளை ஆராய்ந்த எலியட் ஸ்மித்தோ அது ஆண் என்றார். மந்திரச் செங்கற்களில் மன்னர் அகெனாதென் பெயர். உள்ளுறுப்புகள் வைக்கும் ஜாடிகளோ அவருடைய இளைய மனைவி கியாவுக்குச் செய்தவை எனக் கருதப்படுகின்றன. 2010-இல் வெளியான மரபணு ஆய்வு, இறந்தவரை மன்னர் தூத்தன்காமனின் தந்தை என்றது. அகெனாதென்தான் என்பது பலர் முடிவு. எலும்பின் வயது இருபதுகளைத் தாண்டாது என்போர் மன்னர் ஸ்மென்க்காரேயைச் சுட்டுகின்றனர். பக்கத்திலேயே உள்ள தூத்தன்காமன் கல்லறையின் ‘சாப’க் கதையைவிட இதுவே மெய்யான புதிர்.

அகழாய்வுக்குப் பின்னாளில் களவுபோயிருந்த, சவப்பெட்டி அடிப்பகுதியின் தங்கத் தகடுகள் மியூனிக்கிலிருந்து 2002-இல் எகிப்துக்குத் திரும்பின.