ஒரு பாதையும் ஒரு சங்கமும்

காத்தான்குடியில் பஸ் ஏறித் தெற்கே போனால் ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம் கழிந்து குருக்கள்மடம் வரும். மேற்கே வாவி, கிழக்கே கடல், நடுவில் ஒடுங்கிய நிலம். கல்முனைக்கு நாம் போகும் பாதை இதுதான். 1990 ஜூலை 12ஆம் திகதி கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த முஸ்லிம் பயணிகளைப் புலிகள் மறித்து இறக்கியது இந்தக் குருக்கள்மடத்தில்தான். ஹஜ்ஜை முடித்து ஊர் திரும்பியவர்களும் அவர்களில் இருந்தார்கள். கொண்டுபோனவர்கள் திரும்பவில்லை. அன்றிலிருந்து இந்தப் பெயரைக் கேட்டால் நமக்கு வேறெதுவும் ஞாபகம் வருவதில்லை.

ஆனால் இதே பாதையின் தெற்கு முனையில், அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்னம், வேறொரு கதை நடந்தது. அதை எழுதாமல் விட்டால் 1990இல் நாம் இழந்தது என்ன என்பதும் முழுசாக விளங்காது.

பெரியநீலாவணையில் கே. சின்னத்துரை என்றொரு ஆசிரியர் இருந்தார். ஊர்ப் பெயரையே புனைபெயராக்கி நீலாவணன் என்று எழுதினார். 1960களில் கல்முனை எழுத்தாளர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர் அவர். ‘பாடும்மீன்’ என்றொரு சஞ்சிகையும் கொண்டுவந்தார். அது நீண்ட நாள் ஓடவில்லை. நம் ஊர்களில் இலக்கியச் சஞ்சிகைகளின் ஆயுசு அவ்வளவுதான்! அவரைச் சுற்றிக் கூடியவர்களைப் பாருங்கள். கல்முனைக்குடியின் எம். ஏ. நுஃமான், மருதமுனையின் மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி, பாண்டிருப்பின் சண்முகம் சிவலிங்கம், கல்முனையின் மு. சடாட்சரன். பள்ளிவாசலும் கோயிலும் மாறிமாறி வரும் இந்தக் கரையில், எழுதியதைக் கொண்டுவந்து வாசிக்கிற இடத்தில் அந்த எல்லை இருக்கவில்லை.

சங்கம் என்றவுடன் கட்டடம், பெயர்ப்பலகை என்று நினைக்க வேண்டாம். எழுதியவன் வாசிப்பான், மற்றவர்கள் கேட்பார்கள். அதன் பெரிய வடிவம்தான் கவியரங்கு. தலைப்பைக் கொடுத்து, தலைமைக் கவிஞர் ஒவ்வொருவராக அழைக்க, சனத்துக்கு முன்னால் கவிதையைச் சொல்ல வேண்டும். காதுக்குப் பிடிக்காத வரி அந்த இடத்திலேயே செத்துப்போகும். யாப்பை விடாமலே பேச்சோசையைக் கவிதைக்குள் கொண்டுவரும் பழக்கம் நீலாவணனுக்கும் நுஃமானுக்கும் வாய்த்ததில் இந்தக் கேட்கிற சபைக்கும் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம். மஹாகவி, முருகையன், நீலாவணன் மூவரையும் ஒரே வரிசையில் வைத்துப் பிற்காலத்தில் விளக்கி எழுதியவர் நுஃமான்தான். தன்னை விட மூத்த, வேறு சமூகத்துக் கவிஞர் ஒருவருக்கு அவர் செலுத்திய கடன் அது.

நீலாவணன் 1975இல் தனது 43ஆவது வயதில் மௌத்தானார். முதல் தொகுதி ‘வழி’ 1976இல்தான் வந்தது, ‘வேளாண்மை’ 1982இல். ‘வேளாண்மை’யைக் கட்டாயம் படிக்க வேண்டும். வட்டை, போடியார், முல்லைக்காரன், களவெட்டி, சூடு, பொலி என்று மட்டக்களப்பு வயலில் புழங்கும் பேச்சு இருக்கிறதே, அது தமிழனுடையதா, சோனகனுடையதா? ரெண்டு பேருடைய வாயிலும் ஒரே சொல்தான். அந்தப் பேச்சில் ஒரு காவியம் கட்டப் புறப்பட்டவர் இவர்.

கல்முனையின் இன்னொரு முயற்சி வாசகர் சங்கம். அளவெட்டியில் பிறந்த மஹாகவியின் ‘கோடை’ என்ற பா நாடகத்தை 1970இல் நூலாக்கியது இந்தச் சங்கம். யாழ்ப்பாணத்துக் கவிஞனின் புத்தகம் கல்முனையில் இருந்து வெளிவந்தது! 1969-70இல் நுஃமான் நடத்திய ‘கவிஞன்’ இதழும் இந்தச் சூழலின் பிள்ளைதான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அவர் ‘புத்தரின் படுகொலை’ எழுதியதை யாரும் ஆச்சரியமாகப் பார்க்கத் தேவையில்லை. அது அவருடைய நூலகமும்தான்.

அதற்கு ஒன்பது வருஷத்துக்குப் பிறகு எல்லாம் உடைந்தது. 1990 ஜூனில் கல்முனைக்குள் வந்த இராணுவத்தின் கையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலையில் குருக்கள்மடம். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். பாதை மூடினால் கவியரங்குக்கு யார் போவது? அதற்குப் பிந்திய இலக்கிய வரலாறும் பிரிந்தே எழுதப்படுகிறது. ‘முஸ்லிம் இலக்கியம்’ என்ற தலைப்பின் கீழ் மருதூர்க்கொத்தனும் நுஃமானும். ‘மட்டக்களப்புத் தமிழ் இலக்கியம்’ என்ற தலைப்பின் கீழ் நீலாவணனும் சிவலிங்கமும். நாமும் இந்தப் பிழையைச் செய்திருக்கிறோம். ஒரே சபையில் வாசித்தவர்களை இப்படிப் பங்கு போட்டால் அந்தச் சபை எந்தப் பக்கத்திலும் வராது. அதே நேரம், அந்த நாள் ஒற்றுமையைச் சொல்லிக் குருக்கள்மடத்தை மறக்கச் சொல்வதும் நியாயமில்லை. அங்கே புதைக்கப்பட்டவர்களைத் தோண்டியெடுக்கும் விடயம் 2014இல் களுவாஞ்சிக்குடி நீதிமன்றம் வரை போனது. குடும்பங்கள் கேட்டது ஜனாஸாவை முறைப்படி அடக்கும் உரிமையைத்தான்.

ஆவணங்களின் நிலைமை இன்னும் மோசம். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் பாண்டிருப்பிலும் 2004 சுனாமி வீடுகளோடு பெட்டிகளையும் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியிருக்கும் வீடுகளில் கவியரங்கு அழைப்பிதழோ, ‘பாடும்மீன்’ பிரதியோ, வாப்பாவின் கொப்பியில் எழுதி வைத்த கவிதையோ கிடந்தால், கறையான் தின்ன முன்னம் எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். யார் யார் எந்த வரிசையில் வாசித்தார்கள் என்பது அந்த அழைப்பிதழில்தான் இருக்கும்.